சாத்திய கதவுக்குள் ஒரு தீபாவளி

தீபாவளி அன்று காலை. தலையில் எண்ணெய் வைத்தாகிவிட்டது. சீயக்காயைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக் கதவை யாரோ இடிக்க ஆரம்பித்தார்கள். தட்டவில்லை... இடித்தார்கள்!

வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு இவ்வளவு அவசரமா? துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்த் திறந்தால் – லிம் ஆண்டி. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்கு முதன்முதலில் குடிவந்தவர்களில் ஒருவர். எங்கள் மாடியின் கடைசி வீடு அவருடையது. இரவு உடுப்போடு நிற்கிறார். கையில் துடைப்பம்.

"பென்சூரி! பென்சூரி!" என்றார். மலாயில் திருடன்.

ஆண்டி பேசுவது சந்தை மலாய். உங்கள் வசதிக்காக இனி தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"விமலா வீட்டுக்குள்ள ஆள் இருக்கு! தண்ணி ஓடுற சத்தம் கேட்குது. பாத்திரம் விழுந்துச்சு. அவங்கதான் ஈப்போ போயிட்டாங்களே! வீட்டப் பார்த்துக்குங்க ஆண்டின்னு சேகர் என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனான்!"

விமலா யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் லிம் ஆண்டிக்கும் நடு வீட்டுக்காரி. இங்கே பக்கத்திலேயே உள்ள எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கணவர் சேகர், செயலியில் கூப்பிட்டால் வரும் டாக்சி ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் தர்ஷினிக்குப் பதினொரு வயது, சின்னவள் யாழினிக்கு ஏழு.

இந்த வருஷம் தீபாவளிக்கு ஈப்போவில் விமலாவின் சித்தி வீட்டுக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். என்னிடமும்தான். வாசலில் கோலம் இல்லை. பால்கனியில் விளக்குச் சரம் இல்லை. வெளியே இருக்கும் செருப்பு ராக்கில் ஒரு ஜோடிகூட இல்லை. கீழே சேகரின் காடியும் இல்லை (காரை இங்கே அப்படித்தான் சொல்வோம்).

அப்படியிருக்க, உள்ளே யார்?

நான் விமலா வீட்டுக் கதவருகே போய்க் காதை வைத்தேன். ஆனால் காதை மூக்கு முந்திக்கொண்டது. முதலில் நல்லெண்ணெய் வாசம். அடுத்து சாம்பிராணி. அதற்கும் பின்னால் கோழிக் குழம்பு கொதிக்கும் வாசம்.

நீங்களே சொல்லுங்கள். எந்தத் திருடன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லிக்குக் குழம்பும் வைத்துவிட்டு அப்புறம் திருடுவான்?

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஆண்டி, திருடன் எல்லாம் இல்லை, வாங்க போகலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வந்தால்தானே? என் கதவை இடிப்பதற்கு முன்பே கீழே போன் போட்டுவிட்டார். லிஃப்ட் திறந்தது. நேப்பாளக் காவலாளி தடியோடு வந்தார். அவருக்குப் பின்னால் கீழ் மாடியிலிருந்து இரண்டு பேர். ஒருவர் கையில் பேட்மிண்டன் மட்டை!

காவலாளி இரும்புக் கதவைத் தடியால் தட்டினார். உள்ளே எல்லாச் சத்தமும் சட்டென்று அடங்கியது. குழம்புக்கு மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கதவ ஒடச்சிரலாமா?" என்றார் மட்டைக்காரர். அவருக்கு ஒரே உற்சாகம்.

அப்போது உள்ளேயிருந்து யாழினியின் குரல் – "அப்பா... போலீசா?"

கதவு திறந்தது. சேகர் நின்றார். கைலி, பனியன், காது வழியாக வழியும் எண்ணெய். எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரி ஆண்டி... சாரிக்கா..." என்றார். அவ்வளவுதான் வந்தது அவருக்கு.

உள்ளே எல்லாத் திரைச்சீலையும் இழுத்து மூடியிருந்தது. ஒரு விளக்குகூடப் போடவில்லை. சாமி மேடையில் மட்டும் சின்னதாக ஒரு அகல். தொலைக்காட்சியில் தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி – சத்தமே இல்லாமல். யாரோ ஆடுகிறார்கள், யாரோ பாடுகிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. புதுப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு யாழினி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமலா சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள். தர்ஷினி அவளுக்குப் பின்னால்.

அந்த வாயடைத்த தொலைக்காட்சியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... இன்னும் ஆறவில்லை. ஆறாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் வாயைத் திறந்தது லிம் ஆண்டிதான். "பொய் சொன்னீங்களா என்கிட்ட? நேத்துலேருந்து மூணு தடவ வந்து உங்க கதவப் பார்த்தேன் நான்! இன்னைக்கு எனக்கு ஹார்ட் அட்டாக் வந்திருந்தா யார் பொறுப்பு?" என்று பிடித்துக்கொண்டார். நியாயம்தானே? பொய்யை உறுதிப்படுத்தத்தான் சேகர் அவரிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆண்டி உண்மையிலேயே பார்த்துக்கொள்வார் என்று அவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

நான் உள்ளே போனேன். விமலா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குரலை இறக்கிப் பேசினாள். எல்லோரும் பார்த்தாகிவிட்டது, இனி எதற்கு இரகசியக் குரல்? பழகிவிட்டது போலிருக்கிறது.

"என்னாக்கா செய்ய? ஓவர்டைம் எல்லாம் கட் பண்ணிட்டாங்க. இவரோட காடி வேற கியர்பாக்ஸ் போயி ஒர்க்ஷாப்ல கெடந்துச்சு. பிள்ளைங்களுக்குத் துணி எடுத்தாச்சு. கோழி வாங்கியாச்சு. முறுக்கு நானே சுட்டுட்டேன். எங்க நாலு பேருக்கு இது போதும்கா. நல்லாவே போதும். ஆனா கதவத் தொறந்து வச்சா வருவாங்கள்ல?"

"யாரு?"

"இவரோட அக்கா வீட்டுக் கூட்டம்தான்லா."

சேகரின் அக்கா இருப்பது செபராங் ஜெயாவில், எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு படை கிளம்பும். நாலைந்து காடி. அக்கா, மச்சான், மச்சானின் தம்பிகள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை. ஒவ்வொரு உறவுக்காரர் வீடாக இறங்கி, சாப்பிட்டு, படம் எடுத்து, பிள்ளைகள் வரிசையாக நின்று பாக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். 'ரவுண்டு' என்று இதற்குப் பெயர். உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக – பாக்கெட் என்றால் பணம் வைத்த சின்னக் காகித உறை. சீனர்கள் அவர்களுடைய புத்தாண்டுக்குச் சிவப்பில் கொடுப்பார்கள். நாம் அதைப் பார்த்து ஊதா நிறத்தில் அடித்து, மேலே ஒரு மயிலையும் போட்டு, தீபாவளிக்குக் கொடுக்க ஆரம்பித்தோம். நல்ல பழக்கம்தான். பிள்ளைகள் சந்தோஷப்படும். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் போன வருஷம் தெரிந்தது.

விமலா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், வைத்துக் கொடுத்திருக்கிறாள். கும்பல் சாப்பிட்டுக் கிளம்பியது. அத்தையை வழியனுப்ப, வீட்டுக்குக் கொண்டுபோக வைத்த முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தர்ஷினியும் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். லிஃப்ட் கதவு மூடியதுதான் தாமதம், அத்தை மகள் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயே... அஞ்சு வெள்ளிதான்லா. இந்த வீட்ல எப்பவுமே இப்படித்தான்" என்றாளாம்.

பெரியவர்கள் சிரித்தார்களாம். அத்தை மட்டும் மகளை அதட்டினாராம். என்ன சொல்லி? "சத்தமா சொல்லாத!"

கவனியுங்கள். சொல்லாதே என்று இல்லை. சத்தமாகச் சொல்லாதே!

தர்ஷினி கீழே இறங்கி, முறுக்கு டப்பாவை அத்தை கையில் கொடுத்து, கையையும் ஆட்டிவிட்டு மேலே வந்திருக்கிறாள். அம்மாவிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் தீபாவளிப் பேச்சு எடுத்ததும்தான், "அத்தை வீட்லேருந்து யாரும் வராம இருக்க முடியாதாம்மா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கப்புறம் எப்படிக்கா அதே அஞ்சு வெள்ளிய நீட்டுறது? இந்த வருஷம் அதுவும் முடியாது. பாக்கெட் இல்லாம வெறுங்கையோட எப்படி நிக்கிறது? அதான் ஈப்போ போறோம்னு ஃபேமிலி குரூப்ல போட்டுட்டோம். எனக்கு ஈப்போவுல சித்தியே இல்லக்கா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

தீபாவளிக்கு முன்பு, நான் எழுதும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்திருந்தார். "அம்மா, விலைவாசி இப்படி இருக்கு. குறைஞ்ச செலவுல தீபாவளி கொண்டாடறது எப்படின்னு டிப்ஸ் மாதிரி எழுதிக் கொடுங்களேன்" என்றார். நானும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

டிப்ஸா? யாருக்கு? முன்கூட்டியே வாங்குங்கள், லிட்டில் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள், பலகாரத்தை வீட்டிலேயே செய்யுங்கள்... இதையெல்லாம் நான் சொல்லியா விமலாவுக்குத் தெரிய வேண்டும்? அவள் எடுத்த பாவாடையில் இரண்டு வருஷத்துக்குப் பிரித்துவிட மடிப்பு இருக்கிறது. தேங்காய் எந்தச் சந்தையில் மலிவு என்று எனக்கே அவள்தான் சொல்லுவாள். சிக்கனம் அவளுக்கு ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. அவளுடைய பட்ஜெட்டில் அந்த வீட்டுக்குத் தீபாவளி நன்றாகவே இருந்தது! குழம்பு இருந்தது, முறுக்கு இருந்தது, புதுத்துணி இருந்தது.

அந்த பட்ஜெட்டுக்குள் அடங்காதது நாம்தான். வாசலில் வந்து இறங்குகிற நாம்.

ஆட்டுக்கறி இல்லையா என்று குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிற நாம். "இந்த வருஷம் கேட்டரிங்கா, வீட்டுச் சமையலா?" என்று வாசலிலேயே விசாரிக்கிற நாம். பிள்ளைகளுக்குப் பாக்கெட் வாங்கக் கற்றுக்கொடுத்த நாம், அதை வீட்டுக்குப் போகும்வரை பிரிக்காதே என்று மட்டும் கற்றுக்கொடுக்கவில்லையே, ஏன்? சீனர்களிடமிருந்து உறையைக் கடன் வாங்கினோம். மார்க் போடும் பழக்கத்தை யாரிடமிருந்து வாங்கினோம்? அது நம் சொந்தச் சரக்கு!

சரி, கதைக்கு வருகிறேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், கூடத்தில் நிலவரம் மாறியிருந்தது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மட்டைக்காரர் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சரி பிரதர்... ஹேப்பி தீபாவளி" என்றார். சேகர் ஒரு நிமிஷம் யோசித்தார். "வந்தது வந்துட்டீங்க. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

லிம் ஆண்டி அவரைவிட வேகம். "என்னைப் பயமுறுத்தினதுக்கு எனக்கு முறுக்கு வேணும்" என்று ஏற்கெனவே நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

விமலா என் காதில், "இட்லி பத்தாதுக்கா" என்றாள். என் வீட்டு இட்லிப் பானையை அப்படியே தூக்கிவந்தேன். விளக்கைப் போட்டேன். திரைச்சீலையை விலக்கினேன். யாழினி யாரையும் கேட்காமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். காவலாளி கோழிக் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, தங்கள் ஊரிலும் இப்போது விளக்குப் பண்டிகைதான், வீட்டை விட்டு வந்தபின் இன்றுதான் பண்டிகைச் சாப்பாடு என்றார். ஆட்டுக்கறி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆண்டி இடையில் எழுந்து தன் வீட்டுக்குப் போய் இரண்டு சிவப்பு உறைகளோடு வந்தார். ஒன்றை யாழினியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றைத் தர்ஷினியிடம் நீட்டினார்.

தர்ஷினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் ஆண்டி."

"ஏன்?"

"உங்க பேரப் பிள்ளைங்க வந்தா நாங்க திருப்பிக் கொடுக்க முடியாது."

பதினொரு வயது! அந்த வயதில் பாக்கெட்டைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இருக்கும், என்ன வாங்கலாம் என்றுதானே தோன்ற வேண்டும்? இந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றித் தோன்றுகிறது. யார் இதைச் சொல்லிக்கொடுத்தது? அவள் அம்மாவா? இல்லை. அந்த லிஃப்ட். அந்தச் சிரிப்பு. அந்த 'சத்தமா சொல்லாத'.

லிம் ஆண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உறையைத் தர்ஷினியின் கையில் திணிக்கவில்லை, அதுவரை நல்லது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, நீ வாங்க வேணாம். நாளைக்கு எனக்கு முறுக்கு சுடச் சொல்லிக்கொடு. அதுக்குச் சம்பளமா வாங்கிக்கோ" என்றார். தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். விமலா தலையாட்டினாள். அந்த முகம் கொஞ்சம் தெளிந்தது. கொஞ்சம்தான்.

அந்த நேரத்தில் சேகரின் போன் அடித்தது. அக்கா. சேகர் கையில் முறுக்குத் தட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"தம்பி, ஹேப்பி தீபாவளிடா! ஈப்போவுல மழையா?"

சேகர் விமலாவைப் பார்த்தார். விமலா வேகமாகத் தலையாட்டினாள். 'ஆமாம், மழை என்று சொல்லுங்கள்' என்று அர்த்தம். ஒரு சொல் போதும், வருஷம் தப்பிவிடும். சேகர் தர்ஷினியைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா... நாங்க ஈப்போ போகல. வீட்லதான் இருக்கோம்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"ஏன்டா, அப்புறம் குரூப்ல..."

"பொய்தான் போட்டோம். இந்த வருஷம் கொஞ்சம் டைட்டுக்கா. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இட்லி இருக்கு, கோழி இருக்கு, முறுக்கு இருக்கு. எல்லாரும் வாங்க. பாக்கெட் மட்டும் கெடையாது. பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

என் வாழ்நாளில் நான் கேட்ட மிகக் கௌரவமான தீபாவளி அழைப்பு அதுதான். தங்க எழுத்தில் அச்சடித்து எத்தனையோ அழைப்பிதழ் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது.

"ஆ... சரி சரி. என்னடா நீ, பாக்கெட்டுக்காகவா வர்றோம்? மத்தியானத்துக்கு மேல வர்றோம்" என்று வைத்துவிட்டார் அக்கா.

அப்புறம் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! தர்ஷினி கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். யாழினி செருப்பையெல்லாம் திரும்ப ராக்கில் அடுக்கினாள். அடுத்த பிளாக்கில் ஒளித்துவைத்திருந்த காடியைச் சேகர் போய் ஓட்டிவந்தார். விமலா அரிசி ஊறவைத்துவிட்டு, என் வீட்டிலிருந்து பெரிய குக்கரை வாங்கிப்போனாள். நானும் கூடமாட வெங்காயம் நறுக்கினேன். அத்தை வருகிறார்! பாக்கெட் இல்லை என்று தெரிந்தே வருகிறார்! தர்ஷினி கோலத்துக்கு மூன்று கலர் போட்டாள்.

மத்தியானம் போனது. கறி ஆறியது, மறுபடி சூடாக்கினார்கள். நாலு மணிக்கு மேல் சேகரின் போனில் ஒரு மெசேஜ் வந்தது.

"பாலத்துல பயங்கர ஜாம்டா. திரும்பிட்டோம். இன்னொரு நாள் பார்ப்போம்."

சேகர் படித்துக் காட்டினார். தர்ஷினி, "ஜாம்னா என்னாப்பா பண்ண முடியும்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. அப்பாவைச் சமாதானப்படுத்துகிறாளாம்.

எனக்கும் அன்று மாலை அக்கரையில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாலத்தில் ஏறும்போது ரேடியோவில் செய்தி ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம், தீவுக்கு வரும் பாதையிலும் காடிகள் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அது முடிவதற்குள் நான் அக்கரையில் இறங்கிவிட்டேன்.